இறக்குமதி வரி, வர்த்தகப் போர், மந்தநிலை அச்சம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப், வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில் ஒரு பட்டியலை உயர்த்திக் காட்டினார். எந்த நாட்டுப் பொருளுக்கு எத்தனை சதவீத வரி என்பது அதில் இருந்தது. அடுத்த இரண்டு வர்த்தக நாட்களில் அமெரிக்கப் பங்குச் சந்தை பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அன்றிலிருந்து வரி, பதிலடி, ஒத்திவைப்பு, ஒப்பந்தம், நீதிமன்றம் என்று செய்தி ஓயவில்லை. கூடவே "மந்தநிலை வருமா?" என்ற கேள்வியும் ஓயவில்லை. அந்தக் கேள்வியே மற்றக் கேள்விகளை மறைத்துவிடுகிறது என்று நான் நினைக்கிறேன். அதற்கான விடையும் கீழே இருக்கிறது. ஆனால் அது நடுவில்தான் வருகிறது.

இறக்குமதி வரியைக் கட்டுவது யார்?

பொருளை வரவழைக்கும் நிறுவனம். சீனாவில் தயாரான சரக்கு கலிஃபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தில் இறங்கினால், அதை வாங்கிய அமெரிக்க நிறுவனம் அமெரிக்கச் சுங்கத் துறைக்கு வரியைக் கட்டுகிறது. சீன அரசு ஒரு டாலர்கூடக் கட்டுவதில்லை. "அந்த நாட்டின் மேல் வரி போட்டிருக்கிறோம்" என்று மேடையில் சொல்லும்போது பணம் வெளிநாட்டிலிருந்து வருவதுபோல ஒரு தோற்றம் உண்டாகிறது. இந்த விஷயத்தில் நிலவும் குழப்பங்களில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

கட்டுவது இறக்குமதியாளர். கடைசியில் சுமப்பது யார்?

மூன்று பேர் சுமக்கலாம். வெளிநாட்டு உற்பத்தியாளர் தன் விலையைக் குறைத்துக்கொள்ளலாம். இறக்குமதி நிறுவனமோ கடைக்காரரோ லாபத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் வாங்குகிறவர் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பது பேரம் பேசும் வலிமையைப் பொறுத்தது.

டிரம்பின் முதல் ஆட்சிக் காலத்தில், 2018, 2019 ஆண்டுகளில் விதிக்கப்பட்ட வரிகளை ஆராய்ந்த மேரி அமிட்டி, ஸ்டீபன் ரெடிங், டேவிட் வைன்ஸ்டீன் ஆகிய பொருளியலாளர்கள், வெளிநாட்டு விற்பனையாளர்கள் தங்கள் விலையைக் கிட்டத்தட்டக் குறைக்கவே இல்லை என்று கண்டார்கள். வரி முழுவதும் அமெரிக்க எல்லைக்குள்ளேயே தங்கிவிட்டது. எஃகு போன்ற சில பொருள்களில்தான் பின்னாளில் வெளிநாட்டார் ஓரளவு விட்டுக்கொடுத்தார்கள்.

இதைப் புரிந்துகொள்ளச் சலவை இயந்திரங்களின் கதையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2018 ஜனவரியில் இறக்குமதிச் சலவை இயந்திரங்களுக்கு அமெரிக்கா சிறப்பு வரி விதித்தது. அவற்றின் விலை ஏறக்குறைய 12 சதவீதம் உயர்ந்தது. வெளிநாட்டு இயந்திரம் விலையேறியதும் உள்நாட்டு நிறுவனங்களும் தங்கள் விலையை ஏற்றிக்கொண்டன; போட்டியாளர் ஏற்றியபின் தாங்கள் மட்டும் குறைவாக விற்க அவற்றுக்கு ஒரு காரணமும் இல்லை. இன்னொன்றும் நடந்தது. துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு வரியே கிடையாது. ஆனால் இரண்டும் ஜோடியாக விற்கப்படுபவை. ஆகவே அதன் விலையும் ஏறியது. இதை ஆராய்ந்த ஆரன் பிளேயன், அலி ஹோர்டாச்சு, பெலிக்ஸ் டின்டெல்நாட் ஆகியோரின் கணக்குப்படி நுகர்வோருக்கு ஆண்டுக்கு 150 கோடி டாலர் கூடுதல் செலவு. உருவான வேலைகள் சுமார் 1,800. அரசுக்கு வந்த வரியைக் கழித்த பிறகும் ஒரு வேலைக்கு 8 லட்சத்து 15 ஆயிரம் டாலர் ஆகிறது. அந்த வேலையில் சேர்ந்த தொழிலாளிக்கு இதில் சிறு பகுதிதான் சம்பளமாகக் கிடைத்திருக்கும்.

2025இல் வரி அவ்வளவு உயர்ந்தும் விலைகள் ஏன் உடனே தாவவில்லை?

வரி வரும் என்று தெரிந்ததும் நிறுவனங்கள் முன்கூட்டியே சரக்கை வரவழைத்துக் கிடங்குகளில் நிரப்பிக்கொண்டன. பழைய சரக்கு தீரும்வரை பழைய விலை தாக்குப்பிடித்தது. வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்த விதிகளுக்கு உட்பட்ட கனடா, மெக்சிகோ பொருள்கள் பெரும்பாலும் தப்பின. கைபேசிகளுக்கும் கணினிகளுக்கும் ஏப்ரல் 11 அன்றே விலக்கு கிடைத்தது. வரி குறையுமோ என்ற நம்பிக்கையில் பல கடைகள் லாபத்தைக் குறைத்துக்கொண்டு காத்திருந்தன; அப்படி நெடுநாள் காத்திருக்க முடியாது.

ஆனாலும் தடம் தெரிந்தது. அமெரிக்க நுகர்வோர் விலைப் பணவீக்கம் ஏப்ரலில் 2.3 சதவீதமாக இருந்தது, செப்டம்பரில் 3.0 சதவீதம் ஆயிற்று. நவம்பரில் காபி, வாழைப்பழம், மாட்டிறைச்சி முதலியவற்றுக்கு அரசே வரிவிலக்கு அளித்தது. வரியால் விலை ஏறவில்லை என்றால் விலை குறைக்க வரியை நீக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

வரி உயர்வும் பணவீக்கமும் ஒன்றா?

இல்லை. ஒரு முறை விதிக்கும் வரி விலையை ஒரு படி மேலே ஏற்றிவிட்டு நின்றுவிடும். பணவீக்கம் என்பது விலைகள் தொடர்ந்து ஏறிக்கொண்டே போவது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது மக்களின் எதிர்பார்ப்பு. விலை இன்னும் ஏறும் என்று தொழிலாளர்களும் நிறுவனங்களும் நம்பத் தொடங்கினால் ஒரு படி பல படிகளாகிவிடும். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்கு இதனால்தான் சங்கடம். வரி விலையையும் ஏற்றுகிறது, வளர்ச்சியையும் குறைக்கிறது. விலையைப் பார்த்தால் வட்டியை உயர்த்த வேண்டும். வேலைவாய்ப்பைப் பார்த்தால் குறைக்க வேண்டும். 2025இன் பெரும்பகுதியைக் காத்திருப்பதில் கழித்த அந்த வங்கி, வேலைச் சந்தை தளர்ந்ததும் செப்டம்பர், அக்டோபர், டிசம்பர் மாதங்களில் மும்முறை வட்டியைக் குறைத்து 3.50–3.75 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது.

எல்லோருக்கும் ஒரே சுமையா?

இதுதான் என்னை மிகவும் உறுத்தும் பகுதி. வருமானம் குறைந்த குடும்பம் தன் வருமானத்தில் பெரும்பங்கைப் பொருள்கள் வாங்கவே செலவிடுகிறது. ஆகவே பொருள்மீது விழும் எந்த வரியும் அந்தக் குடும்பத்தை முதலில் அழுத்தும். அமெரிக்க வரி அட்டவணை இதை இன்னும் மோசமாக்குகிறது. 2025க்கு முன்பிருந்தே அங்கே தோலால் செய்த உயர்வகைக் காலணிக்கு 8.5 சதவீத வரி. மிக மலிவான சில விளையாட்டுக் காலணிகளுக்கு 48 சதவீதம் வரை. விலை குறையக் குறைய வரி கூடுகிறது. அதன் மேல்தான் புதிய வரிகள் வந்து உட்கார்ந்தன.

நிறுவனங்களிலும் இதே வேறுபாடு உண்டு. பெரிய சில்லறை நிறுவனத்துக்கு உற்பத்தியாளரிடம் விலை குறைக்கச் சொல்லும் பலம் இருக்கிறது. வேறு நாட்டில் ஆலை தேட ஆட்கள் இருக்கிறார்கள். விலக்கு கேட்க வாஷிங்டனில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் பொம்மை நிறுவனத்துக்கு இவை எதுவும் இல்லை. வரியைச் சரக்கு விற்பதற்கு முன்பே கட்ட வேண்டும். போதாததற்கு, இறக்குமதியாளர் சுங்கத் துறைக்கு ஜாமீன் பத்திரம் கொடுக்க வேண்டும். அது ஓராண்டில் கட்டும் வரியில் 10 சதவீத அளவு. வரி பல மடங்கானால் ஜாமீனும் பல மடங்காகிறது. லாபத்தில் நடக்கும் தொழிலும் கையில் ரொக்கம் இல்லாமல் மூடப்படுவது இப்படித்தான். அப்படி மூடப்படும் கடை எந்தத் தலைப்புச் செய்தியிலும் வராது.

ஏப்ரல் 2 பட்டியலின் சதவீதங்கள் எப்படிக் கணக்கிடப்பட்டன?

"பரஸ்பர வரி" என்று அவற்றுக்கு வைத்த பெயரைக் கேட்டால், மற்ற நாடு விதிக்கும் வரியைப் பார்த்து அதற்கு ஈடாக விதித்தது என்று தோன்றும். நடந்தது வேறு. ஒரு நாட்டுடன் அமெரிக்காவுக்கு உள்ள சரக்குப் பற்றாக்குறையை (அந்த நாட்டுக்கு விற்பதைவிட எவ்வளவு அதிகமாக வாங்குகிறது என்பதை), அந்த நாட்டிலிருந்து வரும் இறக்குமதியால் வகுத்து, வந்ததைப் பாதியாக்கினார்கள். பற்றாக்குறை இல்லாத நாடுகளுக்கு 10 சதவீதம். அந்த நாடு உண்மையில் விதிக்கும் வரி அந்தச் சூத்திரத்தில் எங்கும் இல்லை. சேவைகளையும் விட்டுவிட்டார்கள். விளைவாக, ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகளில் ஒன்றான லெசோத்தோவுக்கு 50 சதவீதம் வந்தது. ஜீன்ஸ் தைத்து அமெரிக்காவுக்கு அனுப்பும் நாடு அது. அமெரிக்கப் பொருள்களை நிறைய வாங்க அந்த மக்களிடம் பணம் இல்லை. வாங்க முடியாத ஏழ்மையை ஏமாற்று வேலையாக அந்தச் சூத்திரம் கணக்கிட்டது.

வர்த்தகப் பற்றாக்குறை என்றால் நஷ்டம்தானே?

நஷ்டம் இல்லை. 2024இல் அமெரிக்காவின் சரக்குப் பற்றாக்குறை சுமார் 1.2 லட்சம் கோடி டாலர். அதே ஆண்டில் மென்பொருள், கல்வி, நிதி, சுற்றுலா போன்ற சேவைகளில் அதற்கு ஏறத்தாழ 30,000 கோடி டாலர் உபரி. மீதமுள்ள இடைவெளியை நிரப்புவது வெளிநாட்டு முதலீடு: அமெரிக்கக் கடன் பத்திரங்களும் பங்குகளும் வாங்கும் உலகப் பணம்.

ஒரு நாடு சேமிப்பதைவிட அதிகமாக முதலீடு செய்தால் வித்தியாசம் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். அதன் மறுபக்கம்தான் பற்றாக்குறை. அமெரிக்க அரசு பெரிய நிதிப் பற்றாக்குறையோடு கடன் வாங்கிக்கொண்டே இருக்கும்வரை, ஒரு நாட்டின் பொருளுக்கு வரி போட்டால் இறக்குமதி இன்னொரு நாட்டுக்கு இடம் மாறும். 2018 வரிகளுக்குப் பிறகு சீனாவின் பங்கு குறைந்தது. 2023இல் அமெரிக்காவுக்கு அதிகம் விற்கும் நாடாக மெக்சிகோ முதலிடத்துக்கு வந்தது. வியட்நாமின் விற்பனை பெருகியது. மொத்தப் பற்றாக்குறை குறையவில்லை.

அப்படியென்றால் வரி என்பதே எப்போதும் தவறா?

அப்படி நான் சொல்ல மாட்டேன். வளரும் தொழிலுக்குச் சில காலம் பாதுகாப்பு வேண்டும் என்ற வாதத்தை அமெரிக்காவின் முதல் நிதித் துறைச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன் 1791இலேயே எழுதிவைத்தார். தென் கொரியா தன் கார், எஃகுத் தொழில்களை வரிச் சுவருக்குள் வளர்த்தது; ஆனால் ஏற்றுமதியில் சாதித்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. மருந்து மூலப்பொருள், சிப், அரிய மண் தனிமங்கள் போன்றவற்றில் ஒரே நாட்டை நம்பியிருப்பது ஆபத்து என்பதும் உண்மை.

வரி ஆதரவாளர்களின் மனக்குறைக்கும் ஆதாரம் உண்டு. அதைப் புறக்கணித்ததுதான் பொருளியலாளர்களின் பெரும் பிழை. சீனா 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கார்டன் ஹேன்சன் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் செய்த ஆய்வின்படி, 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதியால் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் போயின. அவை நாடு முழுவதும் சமமாகப் பரவவில்லை. வட கரோலினாவின் மேசை நாற்காலி செய்யும் ஊர்கள் போன்ற சில இடங்களில் குவிந்தன. வேலை இழந்தவர் வேறு ஊருக்குப் போய் வேறு வேலை தேடிக்கொள்வார் என்று பாடநூல் சொன்னது. பலர் போகவில்லை; வீடும் உறவும் அங்கே இருந்தன. மலிவான பொருளால் நாடு முழுவதும் ஆதாயம் அடைந்தது. அந்த ஊர்களுக்கு ஈடுசெய்ய அந்த ஆதாயத்திலிருந்து அற்பமான தொகையே ஒதுக்கப்பட்டது. இது பெரிய அநியாயம்.

ஆனால் அந்த அநியாயத்துக்கு இந்த வரிகள் மருந்தாகவில்லை. குறுகிய இலக்கு, முன்கூட்டியே அறிவித்த காலக்கெடு, நிலையான விகிதம் ஆகிய மூன்றும் இருந்தால் பாதுகாப்பு வரி சில இடங்களில் பயன் தரலாம். வாழைப்பழம் முதல் கார் உதிரிபாகம் வரை எல்லாவற்றுக்கும் விதித்து, வாரந்தோறும் மாற்றினால், எந்தத் தொழில் எதை நம்பி வளரும்?

தொழிற்சாலை வேலைகள் திரும்பி வருமா?

அமெரிக்க உற்பத்தித் துறையில் 1979இல் சுமார் 1.95 கோடி பேர் வேலை செய்தார்கள், இப்போது 1.3 கோடிக்கும் குறைவு. இதில் இறக்குமதிக்குப் பங்கு உண்டு, இயந்திரமயமாக்கலுக்கு இன்னும் பெரிய பங்கு உண்டு. புதிய ஆலை வந்தாலும் பழைய எண்ணிக்கையில் ஆட்கள் தேவைப்பட மாட்டார்கள்.

இன்னொரு சிக்கல், இறக்குமதியாவதில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கே போகும் உள்ளீடு. எஃகுக்கு 2018இல் 25 சதவீத வரி வந்தது; 2025 ஜூனில் அது 50 சதவீதமானது. எஃகு ஆலைக்கு லாபம். ஆனால் எஃகை உருக்குகிறவர்களைவிட அதை வாங்கி டிராக்டர், குழாய், டப்பா செய்கிறவர்கள் பல மடங்கு அதிகம். அவர்களுடைய அடக்க விலை ஏறுகிறது. வெளிநாட்டில் அதே டிராக்டரைச் செய்பவருக்கு ஏறவில்லை. ஃபெடரல் ரிசர்வின் ஆரன் பிளேயனும் ஜஸ்டின் பியர்ஸும் 2018 வரிகளை ஆராய்ந்தபோது, பாதுகாப்பால் கிடைத்த சிறு வேலை ஆதாயத்தை உள்ளீட்டு விலையும் பதிலடியும் விழுங்கிவிட்டன என்று கண்டார்கள். 2025இலும் அமெரிக்க உற்பத்தித் துறையில் வேலை எண்ணிக்கை குறைந்தே வந்தது.

பதிலடி வரிகள் யாரைத் தாக்குகின்றன?

பெரும்பாலும் விவசாயிகளை. பதிலடி கொடுக்கும் நாடு அரசியல் வலி எங்கே உண்டாகும் என்று பார்த்தே பொருளைத் தேர்ந்தெடுக்கும். 2018இல் சீனா அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீத வரி விதித்துவிட்டு பிரேசிலிடம் வாங்கத் தொடங்கியது. 2018, 2019 பயிர்களுக்காக அமெரிக்க அரசு விவசாயிகளுக்கு 2,000 கோடி டாலருக்கும் அதிகமாக இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. 2025 செப்டம்பரில் சீனச் சுங்கக் கணக்கில் அமெரிக்க சோயா இறக்குமதி பூஜ்யம். அக்டோபர் இறுதியில் தென் கொரியாவின் பூசானில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்த பிறகே கொள்முதல் மீண்டும் தொடங்கியது. வரிக்குப் பதில் வரி என்பதோடும் அது நிற்கவில்லை. ஏப்ரலில் ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா உரிமம் கட்டாயமாக்கியபோது, அவற்றைக் கொண்டு செய்யும் காந்தம் கிடைக்காமல் வாகன ஆலைகள் சில உற்பத்தியை நிறுத்தின.

வரிகள் வர்த்தகக் காரணங்களுக்காக மட்டுமா விதிக்கப்பட்டன?

இல்லை. கனடா, மெக்சிகோ, சீனா மீதான முதல் வரிகளுக்கு ஃபென்டனில் போதைப்பொருள் காரணமாகக் காட்டப்பட்டது. பிரேசில் மீதான வரி உயர்வு அந்நாட்டு முன்னாள் அதிபர் போல்சனாரோ மீதான வழக்கோடு இணைக்கப்பட்டது. இந்தியப் பொருள்களுக்கு 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதம் ஆனபோது, அதில் பாதி ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக.

மந்தநிலை என்று எதைச் சொல்கிறார்கள்? அறிவிப்பது யார்?

தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் பொருளாதாரம் சுருங்கினால் மந்தநிலை என்று பரவலாகச் சொல்வார்கள். அது ஒரு கைக்கணக்கு. அமெரிக்காவில் இதைத் தீர்மானிப்பது தேசியப் பொருளாதார ஆய்வகத்தின் ஒரு குழு. வேலைவாய்ப்பு, வருமானம், செலவு, உற்பத்தி ஆகியவற்றில் ஆழமாகவும் பரவலாகவும் சில மாதங்களுக்கு மேல் நீடிக்கும் சரிவு இருக்கிறதா என்று அது பார்க்கிறது. 2020இல் பெருந்தொற்றால் வந்த சரிவு இரண்டே மாதங்கள் நீடித்தது. ஆனாலும் அதன் ஆழம் காரணமாக அதை மந்தநிலை என்றே அறிவித்தார்கள்.

அறிவிப்பு எப்போதும் தாமதம். 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தநிலையை அந்தக் குழு அறிவித்தது 2008 டிசம்பர் 1 அன்று. அதற்குள் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து, லட்சக்கணக்கானோர் வேலையை இழந்திருந்தார்கள். அறிவிப்புக்காகக் காத்திருந்து முடிவெடுக்க நினைப்பவர் மிகவும் தாமதித்துவிடுவார்.

2025 முதல் காலாண்டில் அமெரிக்கப் பொருளாதாரம் சுருங்கியதே, அது எச்சரிக்கை இல்லையா?

அந்தச் சிறு சுருக்கத்தைப் பலர் தவறாகப் படித்தார்கள். வரிக்கு முந்திக்கொள்ள நிறுவனங்கள் இறக்குமதியைக் குவித்தன. மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் இறக்குமதி கழிக்கப்படும்; காரணம், உள்நாட்டில் செய்யாததை உள்நாட்டு உற்பத்தியாக எண்ணிவிடக் கூடாது. அதே பொருள் கிடங்கு இருப்பாக இன்னொரு பக்கம் கூட்டப்படும். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாகப் பதிவாவதில்லை. அடுத்த காலாண்டில் இறக்குமதி வற்றியதும் வளர்ச்சி 3 சதவீதத்துக்கு மேல் துள்ளியது. முதல் காலாண்டின் அச்சமும் இரண்டாம் காலாண்டின் கொண்டாட்டமும் ஒரே கணக்குக் கோளாறின் இரண்டு பக்கங்கள். வரி காலத்தில் ஒரே ஒரு காலாண்டு எண்ணை வைத்து யாராவது உறுதியாகப் பேசினால் நம்ப வேண்டாம்.

மந்தநிலையை முன்கூட்டியே சொல்லும் குறிகள் நம்பகமானவையா?

முன்பு இருந்த அளவுக்கு இல்லை. அமெரிக்க அரசின் இரண்டாண்டுக் கடன் பத்திரத்தின் வட்டி பத்தாண்டுப் பத்திர வட்டியைவிட அதிகமானால் மந்தநிலை வரும் என்பது பழைய விதி. 2022 ஜூலையிலிருந்து 2024 செப்டம்பர் வரை அப்படித்தான் இருந்தது, மந்தநிலை வரவில்லை. வேலையின்மையின் மூன்று மாதச் சராசரி, முந்தைய ஓராண்டின் தாழ்ந்த நிலையிலிருந்து 0.5 சதவீதப் புள்ளி ஏறினால் மந்தநிலை தொடங்கிவிட்டது என்பது பொருளியலாளர் கிளாடியா சாம் வகுத்த விதி. 2024 ஜூலைக் கணக்கில் அந்த மணியும் அடித்தது. இம்முறை வேலை தேடி வருவோரின் எண்ணிக்கை கூடியதும் வேலையின்மையை ஏற்றுகிறது என்று சாம் அப்போதே எச்சரித்தார். குறிகளை உண்டாக்கிய வரலாறு வேறு. இன்றைய பொருளாதாரம் வேறு.

1930இன் வரிச் சட்டம்தான் பெரும் பொருளாதார மந்தத்தைக் கொண்டுவந்ததா?

அதைக் கொண்டுவரவில்லை, ஆறவிடாமல் செய்தது. ஸ்மூட்-ஹாலி சட்டத்தில் அதிபர் ஹூவர் 1930 ஜூன் 17 அன்று கையெழுத்திட்டபோது சரிவு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. வங்கிகள் விழுந்ததும் பணப்புழக்கம் சுருங்கியதும்தான் முதன்மைக் காரணங்கள். கையெழுத்திட வேண்டாம் என்று 1,028 பொருளியலாளர்கள் அவரிடம் முறையிட்டிருந்தார்கள். கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் பதிலடி கொடுத்தன. 1929க்கும் 1934க்கும் இடையே உலக வர்த்தகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. நாடுகள் ஒன்றையொன்று நம்பாமல் போனதுதான் அந்தச் சட்டத்தின் ஆழமான சேதம்.

மந்தநிலை வரும் என்று பயமுறுத்தினார்கள். 2025இல் வரவில்லையே. வரிகளால் சேதமில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் என்றால் இதற்குத்தான் பதில் சொல்வேன்.

மந்தநிலை என்பது பொருளாதாரம் முழுவதும் ஒன்றாகச் சரிவது. இறக்குமதி வரி அமெரிக்கா போன்ற பெரிய, சேவைகள் மிகுந்த பொருளாதாரத்தில் அப்படி வேலை செய்வதில்லை. அது மெல்ல அரிக்கிறது. விலை சற்று ஏறுகிறது, முதலீடு சற்றுத் தள்ளிப்போகிறது, சில ஆலைகள் ஒரு ஷிஃப்டைக் குறைக்கின்றன, புதிதாக ஆள் எடுப்பது நின்றுபோகிறது. 2025 ஜனவரியில் 4.0 சதவீதமாக இருந்த வேலையின்மை ஆண்டு இறுதியில் 4.5 சதவீதத்தை ஒட்டி நின்றது. பெரும் ஆட்குறைப்பு இல்லை. வேலையில் இருப்பவர் தப்பினார், படிப்பை முடித்து முதல் வேலை தேடியவர் வாசலிலேயே நின்றார். இதே காலத்தில் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களில் பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. பங்கு விலை ஏறியதால் வசதியானவர்கள் தாராளமாகச் செலவழித்தார்கள். இவை இரண்டும் மொத்த எண்ணைத் தூக்கிப் பிடித்தன. சராசரியைப் பார்த்தவருக்கு வளர்ச்சி தெரிந்தது.

ஆகவே, "வந்ததா, வரவில்லையா" என்று கேட்பது வரிக்கு மிகவும் சாதகமான அளவுகோல். வரி இல்லாதிருந்தால் எவ்வளவு வளர்ந்திருக்கும், இழப்பு யார் தலையில் விழுந்தது என்பவையே சரியான கேள்விகள். பேரழிவைக் கணித்தவர்கள் இந்த விஷயத்தில் ஒரு கெடுதலும் செய்துவிட்டார்கள்: பேரழிவு வராதபோது, உண்மையில் வந்த சேதத்தைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லாமல் போய்விட்டது.

அடிக்கடி மாறும் வரி, உயர்ந்த வரியைவிட மோசம் என்கிறார்களே?

நானும் அப்படித்தான் நினைக்கிறேன். 2025இல் சீனப் பொருள்கள் மீது சேர்ந்த கூடுதல் வரியை மட்டும் பாருங்கள்: பிப்ரவரியில் 10 சதவீதம், மார்ச்சில் 20, ஏப்ரலில் 145, மே மாதம் ஜெனீவா பேச்சுக்குப் பிறகு 30, நவம்பரில் 20. ஆர்டர் கொடுத்தபோது ஒரு வரி, சரக்கு கப்பலேறும்போது வேறொரு வரி. வரி 30 சதவீதம் என்று உறுதியாகத் தெரிந்தால் நிறுவனம் கணக்குப் போட்டு ஏதாவது ஒரு முடிவெடுக்கும். உள்நாட்டில் ஆலை கட்டுவதற்குக்கூட அந்த உறுதிதான் வேண்டும். ஆலை கட்ட மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும், போட்ட பணம் திரும்பப் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். அடுத்த மாத விகிதம் தெரியாதபோது, எதுவும் செய்யாமல் காத்திருப்பதுதான் அறிவுடைமை. ஒவ்வொருவரும் அறிவுடைமையோடு காத்திருந்தால் பொருளாதாரம் தேங்கும்.

ஓர் அதிபர் தனியாக இப்படி வரி விதிக்க முடியுமா?

அமெரிக்க அரசியலமைப்பு வரி விதிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத்தான் தருகிறது. ஸ்மூட்-ஹாலி அனுபவத்துக்குப் பிறகு 1934 முதல் அது தன் அதிகாரத்தின் பகுதிகளை அதிபரிடம் ஒப்படைத்தது. வரியைக் குறைக்கப் பேச்சு நடத்தத்தான் முதலில் கொடுத்தது. 1962 சட்டம் தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்ட இடம் தருகிறது. எஃகு, கார் வரிகள் அதன்படி வந்தவை. 1974 சட்டத்தின் ஒரு பிரிவு 150 நாட்களுக்கு 15 சதவீதம் வரை அனுமதிக்கிறது. ஏப்ரல் 2 வரிகளுக்கு எடுத்துக்கொண்டது 1977இன் நெருக்கடி நிலைச் சட்டம். அதில் வரி என்ற சொல்லே இல்லை. வர்த்தக நீதிமன்றம் 2025 மே மாதத்திலும், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்டிலும் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. ஒரு சட்டத்தின் கதவு அடைபட்டாலும் மற்றவற்றின் கதவுகள் இருப்பதால், வழக்குகளோடு இந்தக் கதை முடிந்துவிடாது.

வரி வருவாயைக் கொண்டு வருமான வரியையே ஒழிக்க முடியுமா?

முடியாது. 2025 நிதியாண்டில் சுங்க வரி வருவாய் சுமார் 19,500 கோடி டாலர். முந்தைய ஆண்டைவிட இரண்டரை மடங்கு. தனிநபர் வருமான வரியோ 2.6 லட்சம் கோடி டாலரைத் தாண்டுகிறது. வரியை இன்னும் உயர்த்தினால் இறக்குமதி குறையும். இறக்குமதி குறைந்தால் வருவாயும் குறையும்.

ஆட்சி மாறினால் இந்த வரிகள் நீங்கிவிடுமா?

வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 2018இன் சீன வரிகளை ஜோ பைடன் நீக்கவில்லை. 2024இல் சீன மின்சாரக் கார்களுக்கு 100 சதவீதமாக உயர்த்தவும் செய்தார். வரி வந்ததும் அதன் நிழலில் ஒரு தொழில் வளர்ந்துவிடுகிறது. அந்தத் தொழிலுக்கு அதைக் காப்பாற்ற எல்லாக் காரணமும் உண்டு. பொதுமக்களுக்கோ ஒவ்வொருவர் இழப்பும் சிறியது, போராட நேரமில்லை.

1960களின் தொடக்கத்தில் ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி விதித்தது. பதிலடியாக அமெரிக்கா 1964இல் இலகு ரக டிரக்குகளுக்கு 25 சதவீத வரி விதித்தது. மேற்கு ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் வேன்களே இலக்கு. கோழிச் சண்டையை எல்லோரும் மறந்தார்கள். டிரக் வரி நிலைத்துவிட்டது. அதிலிருந்து தப்ப ஃபோர்டு நிறுவனமே துருக்கியில் செய்த வேன்களைப் பின் இருக்கைகளோடு பயணிகள் வாகனமாக இறக்குமதி செய்து, துறைமுகத்தைத் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றி விற்றது. அந்த வழக்கைத் தீர்க்க 2024இல் 36.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அமெரிக்க நிறுவனங்கள் சிறிய கார்களைவிட்டு பெரிய பிக்கப் டிரக்குகளில் நிலைகொண்டதற்கும் அந்தப் பாதுகாப்பு ஒரு காரணம். அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்த 25 சதவீதம் வரி அட்டவணையில் இருக்கிறது.